கவைக்கோலின் நீளம்

கோரோக்
15 அக்டோபர் 2017, ஞாயிறு

தம்பி யோத்கோருக்கு, யா அலி மதத்.

இந்தக் குளிர்காலத்துக்கு உங்கள் ஊர் ஷாவ்தராவுக்கு ஒரு மலையாட்டு வேட்டை அனுமதி கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை கையெழுத்தானது. வேட்டைக் குழுவின் எழுத்தர் மேசையில் முத்திரை ஈரம் காயாமல் இருந்த தாளை நானே பார்த்தேன்.

மூன்றாவது பத்தியையும் படித்தேன். சென்ற ஆண்டு ஷாவ்தராவில் ஒரு கிடா காயப்பட்டுத் தொலைந்தது என்று அதில் குறித்திருக்கிறார்கள். மறுபடியும் அப்படி ஆகி, காரணம் உள்ளூர் வழிகாட்டியின் ஏற்பாடு என்று தெரிந்தால், ஊரின் அனுமதி நிரந்தரமாகப் போய்விடும். எழுத்தர் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பிகிட்ட சொல்லுங்கக்கா. இதுதான் கடைசிப் படி. இதுக்குக் கீழ படி இல்ல, பள்ளம்தான்."

வெளிநாட்டு வேட்டை விருந்தாளி அந்த ஒரு ஆட்டுக்குக் கட்டும் பணத்தை நம்பித்தான் உங்கள் ஊருக்குத் தாதி வருகிறாள், பள்ளிக்கூட அடுப்பு எரிகிறது. உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். போன வருஷம் விருந்தாளி தன் முதுகுப்பையின் மேல் துப்பாக்கியை வைத்துச் சுட்டார், பை பனியில் அமிழ்ந்துவிட்டது என்று உன்னோடு வழிகாட்டியாக வரும் மமத்ரிசோ சொன்னார். குழு கொடுத்த மூன்றுகால் தாங்கி அப்போது எங்கே இருந்தது? அவரும் சொல்லவில்லை, மலையில் அவருக்கு முன்னால் நடந்த நீயும் சொல்லவில்லை.

ஸ்பெயின் நாட்டுப் பல் மருத்துவர் ஒருவர் டிசம்பர் இரண்டாம் தேதி வருகிறார். அவர் துப்பாக்கிக்குக் கீழே என்ன தாங்கி இருக்கவேண்டும் என்று எழுது. என் கடையில் பையும் கூடாரத் துணியும்தான் தைக்கிறேன் என்றாலும், சந்தையில் குழாய் அறுப்பவரையும் தறையாணி அடிப்பவரையும் எனக்குத் தெரியும். அய்திபேக்கின் வண்டி திங்களன்று மேலே வருகிறது, வியாழனன்று கீழே இறங்குகிறது. வியாழனுக்குப் பதில் வேண்டும்.

அக்கா லால்பேகிம்

*

ஷாவ்தரா
19 அக்டோபர், வியாழன்

அக்கா,

மூன்றுகால் தாங்கி கன்றுத் தொழுவத்தின் கூரைத்துணியைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.

கோபப்படாதே. அதன் எடை மூன்று கிலோ. போன வருஷம் இரண்டாவது ஏற்றத்தில் மமத்ரிசோ அண்ணன் அதைக் கீழே வைத்துவிட்டு, "கடையில இது மூணு கிலோடா. நாலாயிரம் மீட்டருக்கு மேல இது என் மாமியா. என்னால தூக்க முடியாது, நீ வேணா தூக்கு" என்றார். நானும் தூக்கவில்லை. திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம். நடந்தது அவ்வளவுதான். இதைக் குழுவில் சொல்லிவிடாதே.

அதனால் முதல் விஷயம், லேசாக இருக்கவேண்டும். எத்தனை உறுதியானதை வாங்கினாலும் பாதி வழியில் பாறைக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனால் அது தாங்கி இல்லை. பையின் பக்கத்தில் செருகினால் இருப்பதே தெரியக்கூடாது.

துப்பாக்கிக் குழலில் பூட்டும் குட்டைக் கால்களைச் சந்தையில் காட்டுவார்கள். வேண்டாம். அவை படுத்துச் சுடுகிறவனுக்கு. எங்கள் சரிவில் படுத்தால் கால் ஆற்றைப் பார்க்கும். நாங்கள் உட்கார்ந்துதான் சுடுவோம். ஆடு மேலே நிற்கும், குழல் மேலே பார்க்கவேண்டும். பாறைமேல் குழலை நேராக வைத்தாலும் துள்ளும், குண்டு எங்கோ போகும். இரண்டு கோலை மேலே குறுக்காகச் சேர்த்த கவை இருந்தால் போதும், கவையில் தோல் சுற்றியிருக்கவேண்டும்.

உயரம் நாலு சாண். ஒரு விரல் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

பல் மருத்துவர் வருகிறார் என்றதும் மமத்ரிசோ அண்ணன் தன் கடைவாய்ப் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "ஆட்ட அவரு பாத்துக்கட்டும், என்னையும் கொஞ்சம் பாக்கச் சொல்லு" என்கிறார்.

யோத்கோர்

*

கோரோக்
5 நவம்பர், ஞாயிறு

தம்பி,

கால்நடைத் தொழுவம் பற்றிப் பிறகு பேசிக்கொள்கிறேன்.

இரண்டு வாரத்தில் பார்த்ததை எழுதுகிறேன். மலையேறிகள் விட்டுப்போன கார்பன் மூன்றுகால் தாங்கி ஒன்று தெரிந்த கடையில் இருந்தது. என் தராசில் 1,150 கிராம். நீட்டி மடக்கலாம், திருகிப் பூட்டும் மூட்டுகள். இரவல் வாங்கி, மூட்டுகளை நனைத்து, கறிக்கடை உறைபெட்டியில் ஒரு நாள் வைத்தேன். கடைக்காரர், "என்னக்கா, இது எந்த ஆட்டுக் கால்? சூப்பு நல்லா வருமா?" என்று கேட்டார். எடுத்தபோது ஒன்பது மூட்டில் ஐந்து திரும்பவில்லை. வாயால் ஊதி ஊதித் திறந்தேன். அந்த நேரத்தில் ஆடு சீனாவுக்கே போயிருக்கும். இன்னொன்று, காலில் ஒரு கீறல் இருந்தது. தறையடிக்கும் பெரியவர் அதை நகத்தால் தேய்த்துவிட்டு, "அலுமினியம் வளைஞ்சு காட்டும். இது ஒண்ணும் சொல்லாது, ஒருநாள் முறிஞ்சிரும்" என்றார்.

தாங்கி லேசாக இருந்தால் காற்றில் ஆடும் என்பார்கள். அதற்கு நடுவில் ஒரு பை தொங்கவிட்டுக் கல் போடலாம், கல்லை யாரும் கீழிருந்து சுமக்கவேண்டியதில்லை. அது நல்ல யோசனைதான். ஆனால் கடைக்குப் பின்னாலுள்ள சரிவில் மூன்று காலையும் நிறுத்திக் கல் போட எனக்கு நாற்பத்தொரு நொடி ஆயிற்று. இரண்டு கோலை விரித்து நிறுத்த ஒன்பது நொடி.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். பழைய பனிச்சறுக்குக் கோல்களின் அலுமினியக் குழாய், மூட்டே கிடையாது, ஒரே நீளம். மேலே இரண்டையும் சேர்க்க ஒரு தறையாணி, அதற்கு மேலே கவை, கவையில் இரட்டைத் தோல், கீழே இரும்பு முனை. மூட்டு இல்லாததால் உறைய ஒன்றும் இல்லை, எடையும் குறைகிறது. முழுதும் 310 கிராம். நீ சொன்ன நாலு சாணை அளந்து கொடுத்திருக்கிறேன்: தரையிலிருந்து கவை வரை எழுபத்தாறு சென்டிமீட்டர். சரிதானா என்று எழுது. இருபதாம் தேதி வெட்டுகிறார்கள். வெட்டிய பிறகு நீட்ட முடியாது.

லால்பேகிம்

*

ஷாவ்தரா
16 நவம்பர், வியாழன்

அக்கா,

சென்டிமீட்டர் கணக்கெல்லாம் உன் பாடு. நீ அளந்தால் சரியாகத்தான் இருக்கும். வெட்டச் சொல்.

உறைபெட்டிக் கதையைச் சொன்னேன். மமத்ரிசோ அண்ணன் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

யோத்கோர்

*

ஷாவ்தரா
30 நவம்பர், வியாழன்

அக்கா,

கோல்கள் திங்களன்று வந்து சேர்ந்தன. கையில் எடுத்தால் காற்றைப் பிடித்ததுபோல் இருக்கிறது. ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது, நாங்களே முடித்துக்கொள்வோம். நீ கவலைப்படாதே.

ஞாயிறன்று ஊருக்குக் கீழே மூன்று குண்டு சுட்டுப் பார்த்துவிட்டு, திங்களன்று ஏறுகிறோம்.

யோத்கோர்

*

கோரோக்
11 டிசம்பர், திங்கள்

யோத்கோர்,

உறுதியாகத் தெரிந்தது இரண்டு. விருந்தாளி நேற்று மாலை நான்கு மணிக்குக் கோரோக் வந்து சேர்ந்தார், வண்டியில் கொம்பு இல்லை. இது அய்திபேக் சொன்னது. இன்று காலை பத்தரைக்கு அவர் வேட்டைக் குழுவில் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறார்: ஆறாம் தேதி ஒரு கிடாவைக் காயப்படுத்தினேன், அது தப்பியது, விசையை அவசரமாக இழுத்தது என் தவறு, வழிகாட்டியின் ஏற்பாட்டில் குறை இல்லை. இது எழுத்தர் வாசித்துக் காட்டியது.

மற்றதெல்லாம் எனக்குத் தெரியாது. அய்திபேக்கை நிறுத்தி வைத்துக் கேட்டேன்.

"என்னப்பா நடந்துச்சு?"

"அவரு வழியெல்லாம் வாயே தொறக்கலக்கா. பாலத்துக்கிட்ட மட்டும் வண்டிய நிறுத்தச் சொல்லி மலையப் பாத்துக்கிட்டு நின்னாரு."

"என் தம்பி?"

"யோத்கோரு கீழ இல்ல. மேல தேடிக்கிட்டு இருக்கான்."

"தப்பு விருந்தாளியோடதுன்னா அவன் எதுக்குத் தேடணும்?"

"அத அவன்கிட்ட கேளுங்க. நான் ஸ்டியரிங் பிடிக்கிறவன்."

அந்தச் சின்ன வேலை என்ன? பதினொரு நாளாக அந்த ஒரு வரியையே படித்துக்கொண்டிருக்கிறேன். நீ எப்போதும் மூன்று வரி கேலி எழுதுகிறவன். அந்தக் கடிதத்தில் கேலியே இல்லை.

அக்கா

*

ஷாவ்தரா
14 டிசம்பர், வியாழன்

அக்கா,

இந்தத் தாளின் பின்பக்கம் என் கையை விரித்து வைத்துக் கரியால் வரைந்திருக்கிறேன். பெருவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை அளந்து பார். பிறகு உன் கையை அதன் மேல் வை.

நீ உன் சாணால் அளந்தாய். நான் எழுதியது என் சாண். கோல் பதினாறு சென்டிமீட்டர் குட்டை. நீ கேட்டபோது நான் ஒரு குச்சியை வெட்டி நிறுத்திப் பார்த்திருக்கவேண்டும். பார்க்கவில்லை. அதனால் பாதி என்னுடையது.

கோல் வந்த அன்றே நான் உட்கார்ந்து பார்த்தேன். முதுகு கூன் போட்டது, குழல் மேலே பார்க்கவில்லை. விருந்தாளி வருவதற்குள் நீ திரும்ப வெட்டி அனுப்ப நேரம் இல்லை. மமத்ரிசோ அண்ணன் இரண்டு காலுக்கும் கீழே வில்லோ மரக் குச்சியைச் சேர்த்து, ஈரப் பச்சைத்தோல் வாரால் சுற்றிக் கட்டினார். பச்சைத்தோல் காய்ந்தால் இரும்பாகிவிடும், உனக்கே தெரியும், நம் கலப்பை எல்லாம் அப்படிக் கட்டியதுதான். அடுப்புப் பக்கம் வைத்தால் வெடிக்கும் என்று வெளியே வைத்தார். மறுநாள் தட்டிப் பார்த்தோம். "எலும்புடா இது. எங்கப்பன் பல்லு கூட இவ்வளவு கெட்டி இல்ல" என்றார். ஞாயிறன்று மூன்று குண்டும் ஓர் உள்ளங்கைக்குள் விழுந்தன.

அது காயவில்லை, அக்கா. உறைந்திருந்தது. வேனிலில் கட்டிப் பழகிய கைகளுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

ஆறாம் தேதி பதினொரு மணி இருக்கும். கிடா இருநூற்றெழுபது மீட்டரில் பாறை விளிம்பில் நின்றது, பெரிய கிடா, இடது கொம்பு நுனி உடைந்தது. நாங்கள் அரை மணி வெயிலில் காத்திருந்தோம். விருந்தாளி நிதானமானவர். மூச்சை விட்டார், விரலை வைத்தார். வெயில் பட்ட இடது காலில் தோல் இளகிக் குச்சி வழுக்கியது. நான் பக்கத்தில் இருந்தேன், கண்ணால் பார்த்தேன். குண்டு பின்தொடையில் பட்டது. கிடா விளிம்பைத் தாண்டிப் போயிற்று. சாயங்காலமே பனி கொட்டி, இரத்தத் தடத்தை மூடிவிட்டது.

மூன்று நாள் அவரும் எங்களோடு தேடினார். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரி சவ்சன் பாலும் உப்பும் வெண்ணெயும் போட்டு ஷீர்சாய் ஊற்றிக் கொடுத்தாள். தாதி வந்து குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். "இவங்களுக்கு யாரு சம்பளம் குடுக்கறாங்க?" என்று தெரிந்த ரஷ்ய மொழியில் கேட்டார். மமத்ரிசோ அண்ணன் சொல்லிவிட்டார். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "என் விரல்தான் அவசரப்பட்டுச்சு. அப்படித்தான் எழுதப்போறேன்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும்.

குழு கூடும் நாளுக்குள் கொம்பைக் கொண்டுபோய் வைத்தால், ஆடு கிடைத்ததாகவே கணக்கு. அப்போது அவர் தவறும் இல்லை, நம் தவறும் இல்லை. அதனால்தான் தேடுகிறேன்.

யோத்கோர்

*

கோரோக்
18 டிசம்பர், திங்கள்

தம்பி,

உன் கை இருபத்துமூன்று. என் கை பத்தொன்பது. நாலு பத்தொன்பது எழுபத்தாறு. கணக்கில் பிழை இல்லை என்று நான்கு முறை போட்டுப் பார்த்தேன். யாருடைய கை என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. உறைபெட்டியில் மூட்டுகளை வைத்துப் பார்த்தவள் நான்.

குழு ஜனவரி பதினொன்று, வியாழன், காலை பத்து மணிக்குக் கூடுகிறது. கோலைச் செய்து கொடுத்தவள் என்று என்னையும் அழைத்திருக்கிறார்கள். எழுத்தர் சொன்னார்: "ஒண்ணும் பயப்படாதீங்க. நீளம் கேப்பாங்க, எடை கேப்பாங்க. நீங்க எழுபத்தாறுன்னுவீங்க, எழுதிக்குவாங்க. விருந்தாளியே ஒத்துக்கிட்டாரு, அதுக்கு மேல யாரும் நோண்ட மாட்டாங்க."

எனவே கேட்கிறேன், கீழே இறங்கி வந்துவிடு. விருந்தாளியின் தாள் இருக்கிறது. அனுமதி பிழைத்துவிடும். வானிலை நிலையத்தில் விசாரித்தேன், உங்கள் பக்கம் இரண்டு வாரத்தில் எழுபது சென்டிமீட்டர் பனி விழுந்திருக்கிறது, நீங்கள் தேடும் ஓடைச் சரிவில் பனி பிடித்து நிற்காது என்கிறார்கள். நான் பொய்யை அப்படியே விடச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். என் பதினாறு சென்டிமீட்டருக்காக நீ தினமும் அந்தச் சரிவில் ஏறுவதை நினைத்துக்கொண்டு என்னால் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை.

வந்துவிடு.

அக்கா

*

மேல் குடிசை
7 ஜனவரி 2018, ஞாயிறு

அக்கா,

மாவு எடுக்க இறங்குகிறவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளை ஊரிலிருந்து அய்திபேக்கின் கைக்கு வரும். வியாழனுக்கு முன்னால் வேறு வண்டி ஏதும் இறங்கினால் அதில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகப்போகிறது. பதில் எழுதவில்லை.

விருந்தாளியின் தாளைப் பற்றி அய்திபேக் இன்னொன்று சொன்னான். குழு அதை ஏற்றுக்கொண்டால் அவர் பெயர் பட்டியலில் ஏறும். காயப்படுத்தித் தொலைத்தவர் என்று. இனி எந்த மலையிலும் அவருக்கு அனுமதி தரமாட்டார்கள். அறுபத்தொரு வயசு. இதை அவர் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். நம் வீட்டில் சாய் குடித்தவர் தலையில் நம் பழியை ஏற்றிவைத்துவிட்டு நான் எப்படிக் கீழே இறங்குவேன்?

மமத்ரிசோ அண்ணனும் இறங்கமாட்டேன் என்கிறார். "தோலக் கட்டினவன் நான். நீ மட்டும் ஏறினா ஊர்ல எனக்கு எவ பொண்ணு குடுப்பா?" என்கிறார். நாலு பேரன் எடுத்தவர்.

இன்று மதியம் எதிர்ப்பாறையில் காக்கைகள் இறங்குவதைப் பார்த்தோம். தொலைநோக்கியில் ஒரு கொம்பு தெரிகிறது, வலது கொம்பு. இடது கொம்பு பனிக்குள் இருக்கிறது. அந்தக் கிடாதானா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. அந்தப் பாறைத் திண்டுக்கு ஓடைச் சரிவைக் கடந்துதான் போகவேண்டும். செவ்வாயன்று பனி இறுகியபின் விடியலில் கயிற்றோடு கடப்போம். கிடைத்தால் வியாழன் வண்டியில் வருவேன்.

வரவில்லை என்றால், எனக்காக எதையும் மறைக்காதே. உன் வாயால் அரைகுறையாக ஒரு பேச்சு வந்து நான் கேட்டதில்லை.

யோத்கோர்

*

கோரோக், வேட்டைக் குழு அலுவலக நடைவழி
11 ஜனவரி, வியாழன், காலை 9.40

யோத்கோர்,

கடைசியாக உறுதியான தகவல் செவ்வாய்க்கிழமையுடையது. அன்று மதியம் மேல் குடிசைப் பக்கம் பனிச்சரிவு இறங்கும் சத்தத்தை ஊரில் கேட்டார்கள். உங்கள் சரிவா, அடுத்த சரிவா என்று தெரியவில்லை. தாதி சவ்சனிடம் கேட்டு எழுதி, உன் ஏழாம் தேதிக் கடிதத்தையும் வீட்டில் இருந்த கோலையும் சேர்த்து, நேற்று இறங்கிய சாலைப் பணியாளர் லாரியில் அனுப்பியிருந்தாள். அதற்குப் பிறகு எந்தச் செய்தியும் இல்லை.

நடைவழியில் பெஞ்சு ஒன்றுதான். மறுமுனையில் பல் மருத்துவர் உட்கார்ந்திருக்கிறார். குழுவுக்காகத் திரும்ப வந்திருக்கிறார். நான் யார் என்று சொன்னேன். எழுந்து நின்று, "உங்க தம்பி வந்தாச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். என் கையில் இருந்த கோலை வாங்கி, குட்டைக் காலைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "உள்ள நீளம் மட்டும் சொல்லுங்க. போதும்" என்றார்.

"போதாது" என்றேன்.

"ஊர் என்னாகும்?"

எனக்குத் தெரியாது என்றேன். அதுதான் உண்மை. அவர் கோபப்படவில்லை. தன் தாளைத் திரும்பக் கேட்டு வாங்க முடியுமா என்று எழுத்தரிடம் போய் விசாரித்துவிட்டு வந்தார். முடியாதாம்.

நான் உள்ளே சொல்லப்போவது: நீளம் எழுபத்தாறு. கேட்ட நீளம் தொண்ணூற்றிரண்டு. வித்தியாசம் என் கை. விருந்தாளியின் விரல் அவசரப்படவில்லை. தோல் வாரைப் பற்றிக் கேட்டால் அதையும் சொல்வேன். கிடா கிடைத்திருக்கலாம், மதியம்வரை தீர்ப்பை நிறுத்திவையுங்கள் என்றும் கேட்பேன். நிறுத்துவார்களா என்று எழுத்தருக்கே தெரியவில்லை. "தலைவர் நல்லா சாப்பிட்டுட்டு வந்திருந்தா நிறுத்துவாரு" என்கிறார்.

இந்தக் கடிதத்தை அய்திபேக்கிடம் கொடுக்கத்தான் எழுதுகிறேன். நீ அவன் வண்டியில் இருந்தால் கொடுக்கத் தேவையிருக்காது.

பத்து மணிக்கு என் பெயரைக் கூப்பிடுவார்கள். பாலத்துச் சாலை திறந்திருந்தால் வண்டி பன்னிரண்டுக்கு வரும், இல்லையென்றால் இரண்டுக்கு.

லால்பேகிம்